புதுச்சேரியிலிருந்து சென்னைக்கு ஈ.சி.ஆரில்: வண்டி ஓட்டிப் போகிறவர்களுக்கு முழு வழிகாட்டி

ஈ.சி.ஆர். (கிழக்குக் கடற்கரைச் சாலை) என்றாலே எழுதுகிறவர்கள் சென்னையிலிருந்துதான் கிளம்புவார்கள். சனிக்கிழமை காலை, கூலிங் கிளாஸ், முட்டுக்காட்டில் படகு, மாமல்லபுரத்தில் போட்டோ, மதியம் பாண்டியில் சாப்பாடு. எங்களைப் போல இந்தப் பக்கம் இருந்துகொண்டு ஆஸ்பத்திரி, விசா, ஏர்போர்ட், கல்யாணம் என்று அடிக்கடி வடக்கே ஓட வேண்டியவர்களுக்கு அந்தக் குறிப்புகள் எதுவும் கைகொடுக்காது. நமக்கு வேண்டியது வேடிக்கை இல்லை, பத்தரை மணி அப்பாயின்ட்மென்டுக்குப் போய்ச் சேருவது.

பல வருடம் ஓட்டியதில் எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: இந்த 150 கிலோமீட்டர் சொச்சத்தில் நேரத்தைத் தீர்மானிப்பது உங்கள் வேகம் இல்லை. எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள், சென்னைக்குள் எந்த வாசல் வழியாக நுழைகிறீர்கள், இந்த இரண்டும்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். நடுவில் உள்ள 100 கிலோமீட்டரை 60 சராசரியில் ஓட்டினால் 100 நிமிடம். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு 70 சராசரியில் ஓட்டினால் மிச்சமாவது 14 நிமிடம். அந்த 14 நிமிடத்தை நீலாங்கரையில் இரண்டு சிக்னல் சாப்பிட்டுவிடும்.

முதலில்: ஈ.சி.ஆரா, பைபாஸா?

பஸ் ஸ்டாண்டில் கண்டக்டரிடம் கேட்கும் அதே கேள்வியைக் கார்க்காரரும் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். பைபாஸ் என்று நாம் சொல்வது மொரட்டாண்டி, கிளியனூர், திண்டிவனம் போய், அங்கிருந்து அச்சிறுபாக்கம், மேல்மருவத்தூர், மதுராந்தகம், செங்கல்பட்டு வழியாக ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையில் நுழையும் வழி. மொரட்டாண்டி, ஆத்தூர், பரனூர் என்று மூன்று சுங்கச்சாவடி. தூரம் கொஞ்சம் கூட. ஆனால் நடுவில் தடுப்பு உண்டு, எதிர் வண்டி உங்கள் பக்கம் வராது.

போகும் இடத்தை வைத்து முடிவு செய்யுங்கள். திருவான்மியூர், அடையாறு, மயிலாப்பூர், ஓ.எம்.ஆர். (பழைய மாமல்லபுரம் சாலை) என்றால் ஈ.சி.ஆர். தாம்பரம், வண்டலூர், கிளாம்பாக்கம், கோயம்பேடு என்றால் பைபாஸ். இரவு ஒன்பதுக்கு மேல் கிளம்புவதானால் எங்கே போனாலும் பைபாஸ்தான். இதில் நான் பிடிவாதக்காரன். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஈ.சி.ஆரில் இருட்டும், எதிர் லாரியின் ஹை பீமும், விளக்கில்லாத மாட்டு வண்டியும் ஒரே நேரத்தில் வரும்.

தீபாவளி, பொங்கல் முடிந்து ஊர் திரும்பும் நாட்களில் மட்டும் கணக்கு தலைகீழ். தென் மாவட்டக் கூட்டம் முழுக்க பரனூரிலும் பெருங்களத்தூரிலும் நிற்கும். அன்றைக்கு ஈ.சி.ஆர். சொர்க்கம்.

எத்தனை மணிக்குக் கிளம்புவது

வார நாளா? புதுச்சேரி ராஜீவ் காந்தி சிலையை ஐந்து மணிக்குள் தாண்டிவிடுங்கள். ஏழு மணி வாக்கில் மாமல்லபுரம், எட்டு மணிக்கெல்லாம் திருவான்மியூர். ஐந்தரை என்று ஆகிவிட்டால் அந்த அரை மணி சென்னை எல்லையில் ஒரு மணி நேரமாகும், ஏனென்றால் பள்ளி வேனும் ஐ.டி. கம்பெனி கேபும் அப்போதுதான் சாலைக்கு வரும். ஐந்தைத் தவறவிட்டீர்களா, பதற்றப்படாமல் இட்லி சாப்பிட்டு ஒன்பதரைக்குக் கிளம்புங்கள். நடுவில் கிளம்புவதில் லாபமே இல்லை.

ஞாயிறு மதியம் மூன்றிலிருந்து ஆறு வரை புதுச்சேரியை விட்டு நகராதீர்கள். வார இறுதிக்கு வந்த சென்னைக்காரர்கள் மொத்தப் பேரும் அந்த நேரத்தில்தான் திரும்புவார்கள். கோவளம் தொடங்கி அக்கரை வரை பம்பரோடு பம்பர். டிசம்பர் 31, காணும் பொங்கல் இரண்டும் இந்தச் சாலைக்கு விடுமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் இருளர் மக்கள் பெருந்திரளாகக் கூடுவார்கள், இந்தப் பக்கம் புதுச்சேரி வைத்திக்குப்பத்துக்குச் சாமி ஊர்வலங்கள் வரும். காலண்டரை ஒரு முறை பார்த்துவிட்டு நாள் குறிப்பது நல்லது.

வண்டியில் பார்க்க வேண்டியவை

டேங்கை இங்கேயே நிரப்பிவிடுங்கள். தமிழ்நாட்டைவிட லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு.

கடல் காற்றில் உப்பு உண்டு. விடியற்காலையில் ஓட்டும்போது கண்ணாடியில் மெல்லிசாக ஒரு படலம் படியும். இருட்டில் தெரியாது. சூரியன் எழுந்ததும் கண்ணாடி முழுக்கப் பால் ஊற்றியது போல ஆகிவிடும். வைப்பர் தண்ணீர் நிரப்பியிருக்கிறதா பாருங்கள், ஒரு பழைய காட்டன் துணியும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். இன்னொன்று: காலையில் வடக்கே போகும்போது சூரியன் வலது பக்கம், கடல் மேலிருந்து. மாலையில் தெற்கே திரும்பும்போதும் வலது பக்கம், இந்த முறை வயல்வெளி மேலிருந்து. அதாவது இரண்டு வேளையும் வெயில் டிரைவர் முகத்தில்தான். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வருவார்.

ஸ்டெப்னியில் காற்று. இதை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. கூவத்தூருக்கு முன்னால் ஒரு முறை பஞ்சர். ஜாக்கி போட்டு, நட்டுகளோடு மல்லுக்கட்டி, ஸ்டெப்னியை மாட்டிக் கீழே இறக்கினேன். அது அப்படியே ரிம் வரை உட்கார்ந்துவிட்டது. வாங்கியதிலிருந்து ஒரு முறைகூட அதில் காற்று பார்த்ததில்லை. கீரை மூட்டையோடு போன ஒரு டி.வி.எஸ். 50-காரர் பின்னால் டயரை வைத்துக் கட்டி என்னையும் ஏற்றிக்கொண்டு போய்ப் பஞ்சர் கடையில் இறக்கிவிட்டார். அன்றைக்கு என் அப்பாயின்ட்மென்ட் போனது போனதுதான்.

நகரத்திலிருந்து கனகசெட்டிக்குளம் வரை

முதல் 15 கிலோமீட்டர் பார்க்க நெடுஞ்சாலை, நடத்தையில் தெரு. கொக்கு பார்க், சிவாஜி சிலை தாண்டியதும் கோட்டக்குப்பம். அது விழுப்புரம் மாவட்டம், தமிழ்நாடு. பெரிய முதலியார்சாவடியில் ஆரோவில்லுக்குப் பிரியும் சாலை. பிறகு காலாப்பட்டு வந்தால் மறுபடி புதுச்சேரி. பல்கலைக்கழகம், சிறைச்சாலை, மருத்துவக் கல்லூரி எல்லாம் தாண்டிக் கனகசெட்டிக்குளம் முடிந்தால் திரும்பத் தமிழ்நாடு. அரை மணி நேரத்துக்குள் மூன்று முறை எல்லை மாறுகிறது.

இது பொது அறிவுக்காகச் சொல்லவில்லை. ஏதாவது இடித்து, உரசி, போலீசைக் கூப்பிட வேண்டி வந்தால் எந்த மாநிலத்தில் நிற்கிறீர்கள் என்று தெரிந்திருக்க வேண்டும். கடைப் பலகையில் உள்ள முகவரியைப் படித்துச் சொல்லுங்கள். ஆம்புலன்ஸுக்கு இரண்டு பக்கமும் 108 தான். ஊர் இல்லாத இடமானால் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணைச் சொன்னால் வந்து சேருவார்கள். ஹெல்மெட் இல்லாமல் கடைத்தெருவுக்குப் போகும் பழக்கத்தோடு பைக்கில் கோட்டக்குப்பம் தாண்ட வேண்டாம். பாட்டில் வாங்கி டிக்கியில் வைத்துக்கொண்டு கிளம்பும் உறவினர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: எல்லைச் சோதனையில் மாட்டினால் வழக்கு, வண்டியும் போகும்.

இந்தப் பகுதியில் ஆபத்து எதிரிலிருந்து வராது, பக்கத்திலிருந்து வரும். கிழக்கே குப்பம், மேற்கே ஊர், நடுவில் சாலை. தண்ணீர்க் குடத்தோடு, மீன் கூடையோடு, பள்ளிப் பையோடு எல்லோரும் குறுக்கே போயாக வேண்டும். பஸ் நின்றால் ஓரம் கட்டாது, சாலையிலேயே நிற்கும். இறங்கியவர் பஸ்ஸின் மூக்குக்கு முன்னால் வந்து குறுக்கே நடப்பார். நிற்கிற பஸ்ஸைக் கடக்கும்போது இரண்டாவது கியர். அதற்கு மேல் வேண்டாம்.

கூனிமேடு, அனுமந்தை, மரக்காணம்

இங்கிருந்து சாலை மூச்சு விடும். நீங்களும் மூச்சு விடலாம், ஆனால் ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிடாதீர்கள். விடியற்காலையில் மீன் ஏற்றிய வண்டிகள் ஐஸ் தண்ணீரைச் சொட்டிக்கொண்டே போகும். வளைவில் அந்தத் தண்ணீர் மேல் இருசக்கர வண்டி ஏறினால் வழுக்கும். கருப்பாகப் பளபளக்கும் கோடு ஒன்று சாலையில் நீளமாகப் போனால் அதன் மேல் ஓட்டாமல் விலகிப் போங்கள். அப்புறம் ஆடுகள். மேய்க்கிறவர் ஒரு பக்கம், பாதி மந்தை மறு பக்கம் என்று இருந்தால், மீதிப் பாதி நிச்சயம் குறுக்கே வரும். ஹாரன் அடித்தால் கலைந்து இன்னும் மோசமாகும். நின்றுவிடுங்கள்.

சுமார் 35 கிலோமீட்டரில் மரக்காணம். உப்பளங்களில் பாத்தி பாத்தியாகத் தண்ணீர், கரையில் ஓலை போர்த்திய உப்புக் குவியல். மழைக்காலத்தில் இந்த இடம் முழுக்க வெறும் நீர்ப்பரப்பு. கழுவெளி ஏரி பின்னால்தான் இருக்கிறது, 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். பனிக்காலத்தில் பறவைக் கூட்டத்தைச் சாலையிலிருந்தே பார்க்கலாம். சாலையே இல்லாத காலத்தில் சென்னைக்குச் சரக்கு போன வழியும் இங்கேதான் முடிகிறது: ஆந்திராவிலிருந்து கடலோரமாக வரும் பக்கிங்காம் கால்வாய்க்கு மரக்காணம்தான் தெற்கு எல்லை. இனி மாமல்லபுரம் தாண்டியும் அது உங்கள் இடது பக்கத்தில் எங்காவது கூடவே வரும்.

டீ குடிப்பதானால் மரக்காணத்தில் குடித்துவிடுங்கள். கழிப்பறைத் தேவையையும் இங்கேயே முடித்துக்கொள்வது நல்லது, அடுத்த 40 கிலோமீட்டரில் பெண்களுக்கு வசதியான இடம் தேட வேண்டியிருக்கும். கோடையில் ஓரத்தில் தர்பூசணி மலை மலையாகக் குவிந்திருக்கும். வாங்குவதைத் திரும்பும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

இடப்பக்கத்துக் கதவுகள்

இந்த இடத்தில் ஒரு விஷயத்தை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். வலது பக்கம் கடல், அந்தப் பக்கம் போக வழியில்லை. மறியல், விபத்து, மரம் விழுந்தது என்று எது நடந்தாலும் தப்பிக்கும் பாதை எல்லாம் இடது பக்கத்தில். வரிசை இது: மரக்காணத்திலிருந்து திண்டிவனம். செய்யூர் வழியாக மதுராந்தகம். மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு. கோவளத்திலிருந்து கேளம்பாக்கம், வண்டலூர். கடைசியாக அக்கரையிலிருந்து சோழிங்கநல்லூர். ஒவ்வொரு கதவையும் நெருங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் பக்கத்தில் இருப்பவரை மேப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். கதவைத் தாண்டிய பிறகு சிவப்புக் கோடு தெரிந்து பயனில்லை.

கடப்பாக்கம் முதல் பாலாறு வரை

ஆலம்பரைக் கோட்டைக்குத் திரும்பும் வழி கடப்பாக்கத்தில். 1750-ல் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்து, 1760-ல் ஆங்கிலேயர் பிடித்து இடித்த கோட்டை. நேரம் இருக்கிற நாளில் போய்ப் பாருங்கள், இன்று வேண்டாம். இடைக்கழிநாட்டுப் பக்கம் பனையும் தென்னையும் சாலையை ஒட்டி வரும், ஓட்டுவதற்கு இதமான பகுதி. அதனாலேயே தூக்கம் வரும் பகுதியும் இதுதான். நாலரைக்கு எழுந்த உடம்பு, ஆறேகால் மணிக்கு, நேரான சாலையில், சில்லென்ற காற்றில் கண்ணை மூடப் பார்க்கும். கொட்டாவி இரண்டாவது முறை வந்தால் ஓரம் கட்டுங்கள். பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவது வைத்தியம் இல்லை.

மரக்காணத்துக்கு வடக்கே நான்கு வழியாக அகலப்படுத்தும் வேலை பகுதி பகுதியாக நடக்கிறது. மாமல்லபுரத்திலிருந்து முகையூர், முகையூரிலிருந்து மரக்காணம் என்று பிரித்து எடுத்திருக்கிறார்கள். மரக்காணம் - புதுச்சேரி பகுதிக்கு 2,157 கோடி ரூபாயில் மத்திய அமைச்சரவை 2025 ஆகஸ்டில் ஒப்புதல் கொடுத்தது. மாநில நெடுஞ்சாலை 49 என்று நாம் பழகிய சாலையின் இந்தப் பாதி இப்போது தேசிய நெடுஞ்சாலை 332ஏ. உங்களுக்கு இதன் அர்த்தம்: போன மாதம் இருந்த வழி இந்த மாதம் இருக்காது. புதுத் தாரில் வழுக்கிக்கொண்டு 80-ல் வருகிறவர், திடீரென மண் மேடும் சிவப்பு பிளாஸ்டிக் ட்ரம்மும் வைத்த மாற்றுப்பாதைக்குள் நுழைவார். பலகை இருக்கும், ஆனால் ட்ரம்முக்குப் பத்தடி முன்னால் இருக்கும். நல்ல சாலை வந்ததும் வேகம் எடுக்காமல், இது எங்கே முடியும் என்று யோசிப்பதே இங்கே சரியான புத்தி.

கூவத்தூர் வந்தால் காரில் யாராவது ஒருவர் 2017 பிப்ரவரியையும் சட்டமன்ற உறுப்பினர்கள் தங்கிய சொகுசு விடுதியையும் பேச ஆரம்பிப்பார். பேசி முடிப்பதற்குள் வாயலூர் பாலாற்றுப் பாலம் வந்துவிடும். ஆறு கடலில் சேரும் இடம் அருகில் இருப்பதால் பாலத்தின் மேல் பக்கவாட்டுக் காற்று பலமாக அடிக்கும். காரில் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தால் போதும். பைக்கில் பின்னால் ஆள் இருந்தால் வேகத்தைக் குறைத்து, லாரிக்குப் பக்கத்தில் போகாமல் கடந்துவிடுங்கள். லாரியின் மறைவை விட்டு வெளியே வரும் நொடியில்தான் காற்று தள்ளும்.

கல்பாக்கம், மாமல்லபுரம்

புதுப்பட்டினம் கடைத்தெருவில் வேகம் தானாகக் குறையும். மாமல்லபுரத்துக்குள் நுழைய வேண்டியதில்லை, சாலை ஊருக்கு வெளியே போகிறது. பூஞ்சேரி சந்திப்பில்தான் கவனம்: சிறுசேரி, நாவலூர் பக்கம் வேலை இருப்பவர்கள் இங்கேயே இடது புறம் திரும்பித் திருப்போரூர் வழியாக ஓ.எம்.ஆர். பிடிக்கலாம். அதற்கு வடக்கே ஓ.எம்.ஆரில் மெட்ரோ வேலை நடப்பதால், அடையாறு போகிறவர் அந்த வழியை ஆசைப்பட்டு எடுக்க வேண்டாம்.

காலை டிபனுக்கு நான் நிற்பது இங்கேதான். இருபது நிமிடம், அதற்கு மேல் இல்லை.

மாமல்லபுரம் முதல் அக்கரை வரை

இருபுறமும் இரண்டு தடம், நடுவில் தடுப்பு. நெம்மேலி, திருவிடந்தை, கோவளம், முட்டுக்காடு என்று வேகமாக வந்துவிடும். வழுவழுப்பான சாலை என்பதால் வேகக் கேமராவும் உண்டு. பலகையில் போட்ட வேகத்தை மீறினால் அபராதம் போனுக்கே வரும். வார இறுதி விடியலில் சைக்கிள்காரர்கள் கூட்டமாக ஓட்டுவார்கள், பைக் பையன்கள் போட்டி போடுவார்கள். இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் இடைவெளி விட்டுப் போங்கள். தடுப்பில் திறப்பு வரும் இடங்களில் யு-டர்ன் அடிக்க எதிர்ப் பக்கத்து வண்டி மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும், அவர் நமக்காகக் காத்திருக்கிறார் என்று நம்ப வேண்டாம்.

உத்தண்டியில் சுங்கச்சாவடி. ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று முந்தின இரவே பார்த்துவிடுங்கள். சாவடியில் நின்றுகொண்டு ரீசார்ஜ் செய்கிறவர் பின்னால் எழும் ஹாரன் சத்தம் தனி ரகம்.

சென்னைக்குள் எந்த வாசல்

முக்கியமான முடிவு இது. மேப்பில் முழு வழியைப் பார்க்காமல், கோவளத்தில் ஒரு முறை, உத்தண்டிக்கு முன் ஒரு முறை புதிதாகப் பாருங்கள்.

ஏர்போர்ட் போகிறவர்களுக்கு இரண்டு வழி. கோவளத்தில் இடது புறம் திரும்பி, கேளம்பாக்கம், வண்டலூர் வழியாக ஜி.எஸ்.டி. ஏறுவது ஒன்று. தாம்பரத்தில் நெரிசல் இல்லாத நேரத்துக்கு அது சரி. மற்றது அக்கரையில் திரும்பிச் சோழிங்கநல்லூர், அங்கிருந்து துரைப்பாக்கம், பல்லாவரம் 200 அடி சாலை. விமானம் மதியம் என்றால் நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். எதுவானாலும் கோவளத்திலிருந்து ஏர்போர்ட் வரை ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். முக்கால் மணியில் போய்விட்டால் காபி குடிக்கலாம்.

அடையாறு, மயிலாப்பூர் போகிறவர்கள் நேராக ஈஞ்சம்பாக்கம், நீலாங்கரை, பாலவாக்கம், கொட்டிவாக்கம் என்று போக வேண்டியதுதான். ஆறு வழியாக அகலப்படுத்தும் வேலை இந்தப் பகுதியில் துண்டு துண்டாக நடந்து வருவதால் தடம் அடிக்கடி ஒடுங்கும். இடது ஓரத்தில் ஆட்டோ நிற்கும், வலது ஓரத்தில் யு-டர்ன் வண்டி நிற்கும். நடுத் தடத்தைப் பிடித்துக்கொண்டு பொறுமையாகப் போங்கள். நமது பி.ஒய். நம்பர் பிளேட்டைப் பார்த்ததும் வழி விடுவார்கள் என்ற எதிர்பார்ப்பு வேண்டாம்.

மருத்துவமனை வேலை என்றால் இன்னொரு யோசனை: காரைத் திருவான்மியூர் பக்கம் தெரிந்தவர் வீட்டில் விட்டுவிட்டு ஆட்டோவில் போங்கள். நகருக்குள் பார்க்கிங் தேடி வீணாகும் நேரம், வழியில் மிச்சம் பிடித்ததை எல்லாம் தின்றுவிடும்.

மழைக்காலம்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிளம்புவதற்கு முந்தின இரவு வானிலை அறிக்கை பார்ப்பது கட்டாயம். இந்தக் கரையைப் புயல் சும்மா விடுவதில்லை. 2022 டிசம்பரில் மாண்டஸ் மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் கரை கடந்தது, 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புதுச்சேரிக்குப் பக்கத்தில். புயல் எச்சரிக்கை இருந்தால் ஈ.சி.ஆரை மறந்துவிடுங்கள், முடிந்தால் பயணத்தையே. சாதாரண மழையில் மரக்காணத்தைச் சுற்றித் தண்ணீர் சாலையைத் தொடும். முன்னால் போகிற பஸ்ஸின் சக்கரம் எவ்வளவு முழுகுகிறது என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

திரும்பும்போது

வேலை மூன்று மணிக்குள் முடிந்தால் ஈ.சி.ஆரிலேயே திரும்பலாம், இருட்டுவதற்குள் மரக்காணம் வந்துவிடும். நான்கைத் தாண்டினால் பைபாஸ், இல்லையென்றால் இரவு தங்கிவிட்டு மறுநாள் காலை.

பெட்ரோல் குறைந்திருந்தாலும் சென்னையில் முழு டேங்க் போடாதீர்கள். கனகசெட்டிக்குளம் எல்லையைத் தொடும் அளவுக்கு மட்டும் போட்டுக்கொண்டு வாருங்கள், காலாப்பட்டு பக்கம் நிரப்பிக்கொள்ளலாம். பங்க்கில் நிற்கும்போதே ஸ்டெப்னிக்கும் காற்று அடிக்கச் சொல்லிவிடுங்கள்.